கலாயோகி ஆனந்த குமாரசாமி

1900-ம் வருஷத்தில் லண்டன் சர்வகலாசாலையில் ஒரு வாலிபர் பூகர்ப்ப சாஸ்திரத்திலும் தாவர சாஸ்திரத்திலும் சிறப்பாகத் தேறிப் பட்டம் பெற்றார். பாரத நாட்டுச் சிற்பத்தையும் சித்திரத்தையும் பற்றிப் பிற்காலத்தில் உலகத்து அறிஞர்களுக்கெல்லாம் ஆசானாக விளங்கிய ஆனந்த குமாரசாமியே அவ்வாலிபர். அந்த விஷயத்தைக் குறித்து அவர் எந்தக் கலாசாலையிலும் ஒரு நாளேனும் பாடம் கேட்டவரல்லர். கேட்க விரும்பியிருந்தாலும் சொல்வாரில்லை. ஜெர்மனியிலும் வியன்னாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கலைச் சரித்திரத்துக்கு ஆசிரியப் பீடங்கள் ஏற்பட்டிருந்தன. எடின்பரோவிலும் 1880-ல் ஒன்று ஏற்பட்டது. ஆயின் அங்கெல்லாம் கலை என்றால் கிரேக்கமும் ரோமும் இத்தாலியுமே. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நம்முடைய சர்வகலாசாலைகளோ அக்காலத்தில் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் காரியாலயங்களாகவே இருந்தன. எல்லோராவைச் செதுக்கிய நாட்டில், எல்லோராவைப் பற்றிப் படித்துப் பட்டம் பெற வழியில்லை. படித்த இந்தியனுக்கு மைக்கேல் ஆஞ்சலோவின் பெயர் தெரியும். தன் ஊர்க் கோயிலில் நிற்கும் விக்கிரகம் எந்த நூற்றாண்டினது என்பது தெரியாது. இந்நிலைமையை மாற்றுவதற்கு முதற்காரணமாக இருந்த மிகச் சிலரில் ஒருவர் குமாரசாமி.

அவர் 1877 ஆகஸ்டு 22-ந் தேதி கொழும்பில் பிறந்தார். தந்தை ஸர் முத்துக்குமாரசாமி, யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்தவர். இலங்கைச் சட்டசபை அங்கத்தினர். கிறிஸ்தவரோ யூதரோ அல்லாதாரில் முதன்முதலாக இங்கிலாந்தில் பாரிஸ்டரானவர் என்று அவரைச் சொல்வார்கள். அரிச்சந்திர சரிதத்தைத் தமிழிலிருந்தும், சுத்த நிபாதத்தைப் பாளியிலிருந்தும் ஆங்கிலத்தில் பெயர்த்த புலமை அவருக்கு இருந்தது. பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் அவருடைய சகோதரியின் புதல்வர்கள். தாய் எலிஸபெத் பீபி, கெண்ட் மாகாணத்து ஆங்கில மாது. குழந்தைக்கு இரண்டு வயது நிறையுமுன் தாய் அதை எடுத்துக்கொண்டு இங்கிலாந்து சென்றார். பின்னால் வருவதாக இருந்த தந்தை, கப்பலேற வேண்டிய சமயத்தில், 1879-ல் காலமானார். ஆகவே இலங்கையின் நினைவோ தந்தையின் குரலோ இல்லாமல், ஆங்கிலக் கிராமப்புறத்தில், ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில், ஆங்கிலப் பிள்ளையாகவே ஆனந்தர் வளர்ந்தார். நம் நாட்டிலேயே இருந்துகொண்டு அந்நியராக வளர்கிறவர்கள் பலருண்டு. இவர் வேற்று நாட்டில் வளர்ந்து தம் நாட்டைத் தேடி வந்தவர்.

தேடி வந்ததும் கலைக்காக அன்று, கற்களுக்காகத்தான். 1903-ல் இலங்கைக் கனிமப் பரிசோதனை இலாகாவின் தலைவராக நியமனம் பெற்றார், வயது இருபத்தைந்துதான். தீவின் பாறைகளையும், இரத்தினக் கற்கள் கிடைக்கும் சரளை மண்ணையும், காரீயப் படிவங்களையும் ஆராய்ந்து ஆண்டறிக்கைகள் எழுதினார். சப்ரகமுவைப் பகுதியில் கிடைத்த கனமான கரிய கனிமமொன்று அவர் மூலமாக லண்டன் சென்று சோதிக்கப்பட்டு, தோரியம் மிகுந்த புதிய பொருளெனத் தெரிந்து, தோரியனைட் என்று பெயர் பெற்றது. கதிர்வீச்சைப் பற்றி ஐரோப்பா முழுவதும் பேசிய காலம் அது. இந்த ஆராய்ச்சிகளுக்காக லண்டன் சர்வகலாசாலை அவருக்கு விஞ்ஞான டாக்டர் பட்டம் அளித்தது. அந்த வழியிலேயே போயிருந்தால் உயர்ந்த உத்தியோகமும் பென்ஷனும் ஸர் பட்டமுங்கூட வந்திருக்கும்.

பாறையைத் தேடிக் கிராமம் கிராமமாக மாட்டு வண்டியில் சென்றவருக்கு மனிதர்கள் தென்பட்டார்கள். கண்டி நாட்டில், அரசர் காலத்திலிருந்து வழிவழியாகத் தொழில் செய்த தச்சரும் தட்டாரும் சித்திரக்காரரும் நெசவாளரும் இன்னும் சிலர் மிஞ்சியிருந்தனர். தொழிலுக்கு ஈடாக அவர்கள் முன்னோர் நிலம் பெற்றிருந்தனர். அரண்மனைக்கும் விஹாரைக்கும் வேலை செய்வது அவர்களுடைய கடமை. 1815-ல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. அரண்மனை போயிற்று, வேலை கொடுப்பாரும் போயினர். இங்கிலாந்திலிருந்து இறங்கிய சாமான்கள் சந்தையை நிறைத்தன. பிரபுக்களின் வீடுகளில் பழைய தந்தப் பேழைக்குப் பதிலாகத் தகரப் பெட்டியும், கைத்தறித் துணிக்குப் பதிலாக மான்செஸ்டர் சீட்டியும் வந்து சேர்ந்தன. விஹாரைச் சுவரில் இருந்த பழைய சித்திரங்களை வெள்ளையடித்து மூடிவிட்டுப் பளபளப்பான புதுச் சாயம் பூசுவதைப் புண்ணியமாகக் கருதினார்கள்.

இதைக் கண்டு பரிதாபப்பட்டவர்கள் வேறு சிலரும் உண்டு. குமாரசாமி பரிதாபத்தோடு நிற்கவில்லை. கனிமத்தை எப்படிக் குறித்துக்கொண்டாரோ அப்படியே தொழிலையும் குறித்துக்கொண்டார். வர்ணத்தை எதிலிருந்து எடுக்கிறார்கள், அரக்கை எப்படிக் கடைகிறார்கள், தாமரைக் கொடியை எந்த முறையில் இழுக்கிறார்கள், தொழிலாளிக்கு அளந்த நெல் எவ்வளவு என்பவற்றையெல்லாம் தொழிலாளியின் வாயிலிருந்தே கேட்டு எழுதினார். புத்த விக்கிரகத்துக்குக் கண் திறக்கும் சடங்கை அவர் விவரித்திருக்கும் பகுதி குறிப்பிடத்தக்கது. மற்றெல்லா அங்கங்களும் முடிந்த பிறகு கடைசியாகவே கண் எழுதப்படும். அவ்வேளையில் சிற்பி விக்கிரகத்தை நேருக்கு நேர் நோக்காமல் கண்ணாடியில் பார்த்துக் கண்ணை எழுதுவான். அதுவரையில் அது கல் அல்லது சுதை. அதன் பிறகே வணக்கத்துக்கு உரியது. நம் ஸ்தபதிகளும் கண் திறத்தல் என்ற அதே பெயரால் அறிந்த கிரியைதான். இது எந்த ஐரோப்பியக் கலை நூலிலும் இல்லாத விஷயம். ஒரு சிலையை அழகு, அளவு, காலம் என்று மட்டும் பார்க்கிறவனுக்கு அதன் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்பதே தெரியாது என்பதை அவர் இந்தக் கண்டிக் கிராமத்தார்களிடம் கற்றார். அவருடைய உண்மையான சர்வகலாசாலை அதுவே.

1905 முதல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவராக இருந்து, உடையிலும் பழக்கத்திலும் அந்நியரைப் பின்பற்றுவதைக் கண்டித்தார். தாய்மொழியைப் பள்ளிக்கூடத்திலிருந்து விரட்டும் கல்வி முறையைத் தாக்கி எழுதினார். அருணாசலம் முதலியோர் இலங்கைக்கு ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்று 1906-ல் தொடங்கிய கிளர்ச்சியிலும் அவர் சேர்ந்தார். ஆனால் லண்டன் பரீட்சைகளுக்கு ஆள் தயாரிக்கும் சாலை அவருக்குத் தேவையில்லை. கீழ்நாட்டு மொழிகளும் கலைகளும் நடுவில் வீற்றிருக்கும் சாலையே வேண்டும் என்றார். அந்தத் தீவுக்கு 1921-ல்தான் ஒரு கல்லூரியும் 1942-ல்தான் முழுமையான சர்வகலாசாலையும் கிடைத்தன.

1906-ல் உத்தியோகத்தை விட்டார். இங்கிலாந்தில் பிராட் காம்ப்டன் என்னும் கிராமத்தில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தை வீடாக்கிக்கொண்டு, வில்லியம் மாரிஸ் உபயோகித்த கை அச்சு இயந்திரத்தை அங்கே வைத்து, இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய தமது பெரு நூலைத் தாமே மேற்பார்த்து அச்சிட்டார். 1907 செப்டம்பரில் தொடங்கிய வேலை 1908 டிசம்பரில் முடிந்தது. பிரதிகள் 425. அந்நூலின் புகைப்படங்கள் அவருடைய முதல் மனைவி எதல் அம்மையார் எடுத்தவை. அவ்வம்மையார் பிற்காலத்தில் நெசவுக் கலையில் தாமாகவே பெரும் புகழ் பெற்றார். குமாரசாமியின் குடும்ப வாழ்க்கை அமைதியானதன்று. நான்கு முறை மணம் புரிந்தார். அதைப் பற்றி இங்கே விரிப்பதற்கில்லை.

இலங்கையில் கண்ட உண்மை இந்தியாவுக்கும் பொருந்தும் என்பது அவருக்கு விரைவில் விளங்கிற்று. அப்போது பெரிய அறிஞர்களிடையே நிலவிய கருத்து இதுதான்: இந்தியாவில் நேர்த்தியான கைத்தொழில் உண்டு, உயர்ந்த கலை கிடையாது, புத்தர் சிலையில் காணும் அழகுகூடக் காந்தாரத்துக் கிரேக்கச் சிற்பிகள் போட்ட பிச்சை. 1908-ல் கோபன்ஹேகன் நகரில் கூடிய கீழ்நாட்டு ஆராய்ச்சியாளர் மகாநாட்டில் குமாரசாமி இதை எதிர்த்துக் கட்டுரை வாசித்தார். 1910 ஜனவரியில் லண்டன் கலைச் சங்கத்தில் ஹாவெல் பேசிய கூட்டத்தில் இச்சச்சரவு முற்றியது. ஹாவெல் சென்னைக் கலைப் பள்ளிக்கும் பிறகு கல்கத்தாப் பள்ளிக்கும் தலைவராயிருந்தவர். கூட்டத்துக்குத் தலைமை வகித்த ஸர் ஜார்ஜ் பேர்ட்வுட், நமது கைத்தொழில்களைப் புகழ்ந்து புத்தகமே எழுதியவர். அவரே ஜாவாவைச் சேர்ந்த தியான புத்தரின் உருவத்தைக் கொழுப்பிட்டு வேகவைத்த மாவுப் பண்டத்துக்கு ஒப்பிட்டார். ஆங்கிலக் கலைஞர்கள் பதின்மூவர் அதை மறுத்துப் பத்திரிகைக்கு எழுதினர். ஹாவெல், குமாரசாமி, ராதன்ஸ்டைன் முதலியோரின் முயற்சியால் லண்டனில் இந்தியா சங்கம் தோன்றியது. ஒரு வசை ஒரு ஸ்தாபனத்தைப் பெற்றெடுத்தது.

அவ்வருஷங்களில் நம் நாட்டில் ஸ்வதேசிக் கிளர்ச்சி மூண்டிருந்தது. குமாரசாமி அதன் நண்பர். ஆனால் முகஸ்துதி செய்யாத நண்பர். கலையும் ஸ்வதேசியும் என்ற அவருடைய நூல் 1912-ல் சென்னைக் கணேஷ் கம்பெனியால் பிரசுரமாயிற்று. அந்நியத் துணியைக் கொளுத்திவிட்டு, அதே அந்நிய மாதிரியில் உள்ளூர் ஆலையில் நெய்த துணியை வாங்கினால் லாபம் ஒரு முதலாளியிடமிருந்து மற்றொரு முதலாளிக்கு மாறுமேயன்றித் தேசம் மாறாது என்பது அவர் வாதம். ஊரில் நெசவாளி பட்டினி கிடக்க, ஸ்வதேசி என்ற முத்திரை ஒட்டிய மட்டமான சாமானை வாங்குகிறவனை அவர் தேசபக்தனாக ஒப்புக்கொள்ளவில்லை. அக்காலத்துத் தலைவர்களிற் பலருக்கு இது கசந்தது. கதர் இயக்கம் தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முந்தியே இது சொல்லப்பட்டது.

அதே 1912-ல்தான், நல்லசாமிப் பிள்ளை தோற்றுவித்த சித்தாந்த தீபிகை என்னும் சென்னைப் பத்திரிகையில் சிவ நடனத்தைப் பற்றிய அவருடைய கட்டுரை முதலில் வெளிவந்தது. திருமந்திரம், உண்மை விளக்கம் முதலிய நம் நூல்களை ஆதாரமாகக்கொண்டு, தூக்கிய திருவடிக்கும் ஏந்திய தீக்கும் உடுக்கைக்கும் பொருள் கூறினார். அதற்கு முன் மேனாட்டார் கண்ணுக்கு நடராஜர் நான்கு கையுள்ள ஒரு விசித்திர பொம்மை. சென்னைக் காட்சிசாலையிலுள்ள திருவாலங்காட்டு நடராஜரின் புகைப்படங்களைக் கண்டு பிரெஞ்சுச் சிற்பி ரோடின் வியந்து எழுதிய குறிப்பு, 1921-ல் பாரிஸில் குமாரசாமி, ஹாவெல் ஆகியோர் எழுத்தோடு சேர்ந்து வெளியாயிற்று. அதே நடராஜரை அன்றாடம் கடந்துபோன சென்னைக் கலாசாலை மாணாக்கர் எத்தனை பேரோ!

இனி, நமக்குத் தலைகுனிவான விஷயத்துக்கு வருவோம். 1910-11-ல் அலகாபாத்தில் நடந்த பெரிய பொருட்காட்சியில் கலைப் பகுதி குமாரசாமியின் பொறுப்பில் இருந்தது. அதன் பொருட்டும், அதன் பின்பும், அவர் வட நாடெங்கும் சுற்றினார். காங்க்ரா, ஜம்மு முதலிய மலை ராஜ்யங்களிலும் ராஜபுதனத்திலும் எழுதப்பட்ட சித்திரங்களைப் பழைய குடும்பங்களிடமும் கடைகளிலும் தேடி வாங்கினார். ராதையும் கண்ணனும், மழைக்கால இரவும், பிரிவாற்றாத நாயகியும் நிறைந்த இச்சித்திரங்களை அதுவரையில் மொகலாயச் சித்திரத்தின் மங்கிய நகல் என்றே எண்ணியிருந்தனர். சிலர் எண்ணவே இல்லை. மொகலாயச் சித்திரம் அரசவையின் கலை, மனிதர் முகத்தை உள்ளபடி எழுதுவது. ராஜபுத்திரச் சித்திரம் மக்களின் பக்தியோடும் பாட்டோடும் பிறந்தது, அஜந்தாவின் மரபில் வந்தது என்று அவர் பிரித்துக் காட்டினார். 1916-ல் ஆக்ஸ்போர்டில் இரண்டு பாகமாக வெளிவந்த நூல் அதை நிலைநாட்டியது. பின் வந்தவர்கள் அப்பிரிவினையைப் பல இடங்களில் திருத்தியிருக்கிறார்கள். திருத்துவதற்கு ஒரு விஷயத்தை உண்டாக்கிக் கொடுத்தவர் அவர்.

இந்தச் சேகரம் முழுவதையும் தேசத்துக்குக் கொடுத்துவிட அவர் முன்வந்தார். கேட்டது ஒன்றே: அதை வைப்பதற்கு, காசியில், ஒரு தேசியக் காட்சிசாலை. பெரிய சர்வகலாசாலை ஒன்றை எழுப்ப லட்சக்கணக்கில் நன்கொடை திரண்டுகொண்டிருந்த அதே காசிக்காகத்தான் கேட்டார். மகாராஜாக்கள் இருந்தார்கள், சேட்டுகள் இருந்தார்கள், தேசியத் தலைவர்களும் இருந்தார்கள். பணம் கொடுப்பார் இல்லை. படத்துக்கு ஒரு மாளிகையா என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். இதை அந்நிய அரசாங்கத்தின் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. நம்முடைய குற்றம்தான்.

ஐரோப்பிய யுத்தம் வந்தது. இந்தியா சுதந்தரம் பெறாத வரையில் பிரிட்டிஷ் சேனையில் சேர முடியாது என்று குமாரசாமி மறுத்தார். இங்கிலாந்தில் அவருக்கு இடமில்லாது போயிற்று. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துச் செல்வரும் ஹார்வர்டு ஆசிரியருமான டென்மன் ராஸ் அந்தச் சேகரத்தை விலைக்கு வாங்கி 1917-ல் பாஸ்டன் நுண்கலைக் காட்சிசாலைக்கு அளித்தார். அங்கே இந்தியக் கலைப் பகுதி ஒன்று ஏற்பட்டு, குமாரசாமி அதன் காப்பாளரானார். ஜப்பானின் ஒகாகுரா பணி புரிந்ததும் இதே காட்சிசாலையில்தான். சித்திரங்களோடு ஆசிரியரும் போய்விட்டார். அதன்பின் நம் தேசத்துச் சித்திரத்தைப் படிக்க விரும்பிய மாணாக்கன் கடல் கடந்து பாஸ்டனுக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

அங்கே முப்பது வருஷம் அவர் உழைத்த உழைப்பு அசாத்தியமானது. காட்சிசாலைப் பொருள்களுக்கு விரிவான ஜாபிதாக்கள் தயாரித்தார். 1927-ல் இந்திய, இந்தோனேஷியக் கலைச் சரித்திரத்தை ஒரே நூலில் அடக்கினார். பல சர்வகலாசாலைகளில் பாடப் புத்தகமானது அது. அதே ஆண்டில் புத்த விக்கிரகத்தின் தோற்றத்தைப் பற்றிய கட்டுரையும் வெளிவந்தது. பிரெஞ்சு அறிஞர் பூஷே கூறிய கிரேக்கக் கொள்கைக்கு அது சரியான பதில். மதுரா நகரத்துச் செம்மணற்கல்லில், கனிஷ்கனின் மூன்றாம் ஆண்டில், பலன் என்னும் பிக்ஷு செய்வித்து ஸாரநாத்தில் நிறுவிய போதிசத்துவர் சிலையை எடுத்துக்கொள்க. விரிந்த தோள், ஒரு பக்கம் திறந்த மார்பு, ஊன்றிய கால். இதில் கிரேக்கச் சாயல் எங்கே? பர்க்கம் என்ற ஊரில் கிடைத்த பழைய யக்ஷன் சிலையை அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் பரம்பரை விளங்கிவிடும். மண்ணடுக்குகளை மேலும் கீழுமாக ஒப்பிட்டு வயது காணும் பூகர்ப்ப சாஸ்திரியின் பயிற்சி இங்கே அவருக்குக் கைகொடுத்தது. தேசாபிமானத்தால் எழுந்த கேள்விக்கு அவர் தேசாபிமானத்தால் விடை சொல்லவில்லை. சிலையைக் காட்டி விடை சொன்னார். அதனால்தான் அது நின்றது. புகைப்படத்தையும் கலையாக மதித்து, 1924-ல் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த 27 படங்களைக் காட்சிசாலையில் சேர்த்தவரும் இந்தப் பழமை விரும்பியே.

கடைசிப் பதினைந்து ஆண்டுகளில், தாம் வளர்த்த சாஸ்திரத்தின் மேலேயே அவருக்கு அதிருப்தி உண்டாயிற்று. கலைச் சரித்திரம் அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் பெரிய பாடமாகிவிட்டது. மாணாக்கர்கள் பாணியின் பெயரையும் ஆசிரியன் பெயரையும் வருஷத்தையும் மனப்பாடம் செய்தார்கள். இந்தப் பொருள் எதற்காகச் செய்யப்பட்டது, செய்தவன் எதை நம்பினான் என்று கேட்பாரில்லை. இதைக் கேளாமல் கலையைப் படிப்பது, பாஷை தெரியாமல் எழுத்தின் அழகை மட்டும் ரசிப்பதற்குச் சமானம் என்பது அவர் கொள்கை. காட்சிசாலையில் சம்பளம் வாங்கிக்கொண்டே, காட்சிசாலை என்பது வாழ்க்கையிலிருந்து கலை செத்துப்போன தேசங்களுக்கு வேண்டிய பிரேதக் கிடங்கு என்ற கருத்துப்படப் பேசினார். வேதத்தையும் பிளேட்டோவையும் கிறிஸ்தவ ஞானிகளையும் ஒப்புநோக்கி, அடிக்குறிப்புகள் மூலத்தை விழுங்கும் கட்டுரைகள் எழுதினார். அவை எளிதில் படிக்கக்கூடியவையல்ல.

குறையும் சொல்ல வேண்டும். பழைய கண்டி ராஜ்யத்தில் தொழிலாளி கலையை வளர்த்தான் என்பது மெய். அவன் விரும்பியும் விரும்பாமலும் அதே தொழிலில் கட்டுண்டு கிடந்தான் என்பதும் மெய். ஜாதித் தொழில் முறையைக் குமாரசாமி வர்ணிக்கும்போது இரண்டாவது மெய்யை மறந்துவிடுகிறார். அடிமைப்பட்ட நாட்டில் பழைமையைப் புகழ்வது வீரம். அப்பழைமையின் கீழ் நசுங்கியவனுக்கு அது ஆறுதலாகாது. இவ்விஷயத்தில் எமக்கு அவரோடு உடன்பாடில்லை.

இதற்கிடையே நம் நாட்டிலும் மெல்ல விழிப்புண்டாயிற்று. ராய் கிருஷ்ணதாஸர் காசியில் 1920-ல் பாரத கலா பவனத்தை நிறுவினார். 1921-ல் கல்கத்தா சர்வகலாசாலை வாகேசுவரி ஆசிரியப் பீடத்தை ஏற்படுத்தி அபனீந்திரநாத் தாகூரை அமர்த்திற்று. வியன்னாவில் கலைச் சரித்திரம் கற்றுத் தேர்ந்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் அதே சர்வகலாசாலையில் பல்லாண்டு போதித்தார். பரோடாவில் நுண்கலைப் பகுதி 1950-ல் தொடங்கிற்று. இவை ஒவ்வொன்றிலும் பாடம் சொன்னவர்களின் மேஜை மீது குமாரசாமியின் நூல்கள் இருந்தன.

தம் சரித்திரத்தை எழுத அனுமதி கேட்டவர்களுக்கு அவர் மறுத்துவிட்டார். பழைய சிற்பிகள் பெயர் பொறிக்காததைப் போலத் தாமும் மறைவதே முறை என்று கருதினார். இக்கட்டுரை அவர் விருப்பத்துக்கு விரோதமானது, வாசகர்கள் பொறுத்தருள்க. 1947 ஆகஸ்டு 15-ந் தேதி பாரதம் விடுதலை பெற்றது. அதே மாதம் 22-ந் தேதி அவருக்கு எழுபது வயது நிறைந்தது. மறு வருஷம் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியுடன் இந்தியா திரும்பி, இமயமலைச் சாரலில் ஒதுங்கி வாழத் திட்டமிட்டிருந்தார். செப்டம்பர் 9-ந் தேதி பாஸ்டனை அடுத்த நீடம் என்ற ஊரில், தம் வீட்டில், உயிர் நீத்தார். தேசியக் காட்சிசாலை டில்லியில் 1949-ல் திறக்கப்பட்டது. அவர் காசிக்குக் கொடுக்க வந்த ராஜபுத்திரச் சித்திரங்கள் பாஸ்டனிலேயே இருக்கின்றன.